சேர்ந்து போட்ட பாட்டு

விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று எழுதும்போது இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுகிறோம். காலையில் ரேடியோவைத் திருப்பி வைத்துவிட்டு அரிசி களைகிற அவசரத்தில் அந்தக் கோடெல்லாம் நம் கவனத்துக்கு வருவதில்லை. இவர்கள் இரண்டு பேர் என்பதே பலருக்கு மறந்து போயிருக்கும். என் மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது, "விஸ்வநாதன்ங்கிறது அவர் பேரு, ராமமூர்த்திங்கிறது அவங்க அப்பா பேராம்மா?" என்று கேட்டாள்!

அந்தக் கோடு 1952ல் விழுந்தது. 1965ல் அழிந்தது. 30 வருஷம் கழித்து 1995ல் மறுபடியும் விழுந்தது. அந்த மறு தடவையைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். பாட்டு விமரிசனம் எழுத எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் படிப்போடு அடுப்படிக்கு வந்தவள் நான். ஆனால் பிரிந்த இரண்டு பேர் மறுபடி சேர்ந்து ஒரு காரியம் செய்கிறபோது என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சகோதரிகளோடு அதைப் பகிர்ந்துகொள்ளலாமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

முதல் கோட்டைப் போட்டவர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் நாஞ்சில் நாட்டார் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்தான் அவர். இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் 1952ல், 28 வயதிலேயே காலமாகிவிட்டார். அவருடைய குழுவில் உதவியாக இருந்த இருவர்தான் ராமமூர்த்தியும் விஸ்வநாதனும். சுப்பராமன் பாதியில் விட்டுப்போன படங்களை இவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் 'பணம்' என்ற படத்தை இயக்கிக்கொண்டிருந்த கலைவாணர், "இரண்டு பேரும் சேர்ந்தே இசையமையுங்கள்" என்று பொறுப்பை ஒப்படைத்தார். வடக்கே சங்கர்–ஜெய்கிஷன் என்று ஜோடி இருக்கிறதே, இங்கே ஒரு ஜோடி இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம்.

யார் பெயர் முதலில் வருவது? ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். திருச்சி மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை என்ற பெரிய வயலின் வித்வானின் பேரன். விஸ்வநாதனோ பாலக்காட்டுப் பக்கத்துப் பிள்ளை. நாலு வயதில் தகப்பனாரை இழந்து, கஷ்டப்பட்டு மேலே வந்தவர். "சின்னவன் முன்னால் நிற்கட்டும். பெரியவர் நீங்கள் பின்னால் நின்று விழாமல் தாங்கிக்கொள்ளுங்கள்" என்று கலைவாணர் ராமமூர்த்தியைச் சம்மதிக்க வைத்ததாகச் சொல்வதுண்டு. குடும்பங்களில் மூத்தவர்கள் செய்கிற காரியம்தானே இது!

அதற்கப்புறம் 13 வருஷம் இவர்கள் கொடுத்ததை நம் அம்மாக்களும் பாட்டிகளும் நன்றாக அறிவார்கள். 'பாகப்பிரிவினை', 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' என்று சொல்லிக்கொண்டே போகலாம். 1963ல் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் கையால் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டமும் கிடைத்தது.

இவர்கள் பெருமையே கலப்பதில்தான் இருந்தது. 1964ஆம் வருஷத்துப் படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கர்ண'னில் சிதாரும் ஷெனாயும் சாரங்கியுமாக வடநாட்டு ராகங்கள். 'கலைக்கோவி'லில் சிட்டிபாபுவின் வீணை. அதே படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலில் சுத்த ஜாஸ் பாட்டு ஒன்று. 'புதிய பறவை'யில் சௌகார் ஜானகி க்ளப்பில் நின்று பாடுகிற மேல்நாட்டுப் பாணிப் பாட்டு. 'காதலிக்க நேரமில்லை'யில், வேலை போன பையன் முதலாளி வீட்டு வாசலில் கூட்டம் கூட்டி ஆடிப் பாடுகிற ட்விஸ்ட் பாட்டு. அந்த முதலாளி பெயரும் விஸ்வநாதன் என்பது இன்னொரு வேடிக்கை! 'சர்வர் சுந்தர'த்தில் பாட்டுப் பதிவு நடப்பதையே திரையில் காட்டினார்கள். விஸ்வநாதன் கையை வீசி நடத்த, டி.எம்.சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாட, சுற்றிலும் வாத்தியக்காரர்கள். மதராஸ் ஹோட்டல்களிலும் க்ளப்புகளிலும் வாசித்த ஆங்கிலோ–இந்தியக் கலைஞர்களும் கோவாக்காரர்களும் நம்முடைய வித்வான்களும் அந்த நாளில் ஸ்டுடியோவில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இந்தக் கலப்பு புதுசாகவே படவில்லை. நாஞ்சில் நாட்டுக் காதே அப்படிப் பழகிய காது. முத்தாரம்மன் கோயில் கொடையில் நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டும் கேட்போம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் பாண்டு வாத்தியம். தக்கலைப் பக்கம் போனால் பீர் முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்கள். கடலைத் தாண்டி இலங்கை வானொலி. மேற்கே மலையாளப் பாட்டு. எல்லாம் ஒரே காற்றில் வரும்.

சமையலை வைத்துச் சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். எங்கள் ஊர் அவியலில் சேனை, வாழைக்காய், முருங்கை, வெள்ளரி, புடலை எல்லாம் சேரும். ஒரே நீளத்தில் நறுக்க வேண்டும். வேக நேரமாகும் காய் முதலில், சட்டென்று வேகும் காய் கடைசியில். தேங்காய், சீரகம், பச்சை மிளகாயை ஒன்றிரண்டாகத்தான் அரைக்க வேண்டும். இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். வாயில் போட்டால் சேனை சேனையாகவும் முருங்கை முருங்கையாகவும் தெரிய வேண்டும். குழைந்துவிட்டால் அதற்குப் பெயர் அவியல் இல்லை. இந்த இருவர் பாட்டில் வயலினும் சாக்ஸபோனும் அப்படித்தான் சேர்ந்தன. ஒன்றை ஒன்று முழுங்கவில்லை.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து மைக் செட் வாடகைக்கு விட்டார்கள். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் எங்கள் செட்தான். அப்பா இசைத்தட்டுக்காரர். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பது அவர் பொறுப்பு. பெண் மணவறைக்கு வரும்போது 'பாசமலர்' படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டு, பந்தி நடக்கும்போது வேகமான பாட்டு, சாயந்திரம் ஜனம் கலையும்போது பி.பி.ஸ்ரீநிவாஸ் என்று கணக்கு வைத்திருப்பார். சித்தப்பா வயர்க்காரர். ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், பாட்டரி எல்லாம் அவர் கையில். தென்னை மரத்தில் அணில் மாதிரி ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு வருவார். பெட்டியிலிருந்த தட்டுகளில் முக்கால்வாசி விஸ்வநாதன்–ராமமூர்த்தி.

1987ல் தாத்தா தவறிப்போனார். அடுத்த வருஷமே பாகம் பிரிந்தது. வீட்டுக்கு நடுவே மதில் எழுந்தது. கிணறு ஒருவருக்கு, மாமரம் ஒருவருக்கு. கடைசியில் மைக் செட். யாரோ ஒரு பெரியவர் நியாயம் சொல்லி, இசைத்தட்டுகளும் அதைப் போடுகிற பெட்டியும் அப்பாவுக்கு, ஆம்ப்ளிஃபயரும் குழாய்களும் சித்தப்பாவுக்கு என்று எழுதினார்கள். காகிதத்தில் சரி பாதி! ஆனால் ஒன்றில்லாமல் மற்றது எதற்கு ஆகும்? அப்பாவிடம் பாட்டு இருந்தது, சத்தம் இல்லை. சித்தப்பாவிடம் சத்தம் இருந்தது, பாட்டு இல்லை. இரண்டு பேரும் கடன் வாங்கி மற்றப் பாதியைத் தனித்தனியே வாங்கினார்கள். ஊரில் ஒரு மைக் செட் இரண்டாயிற்று. வாடகைதான் பாதியாயிற்று.

ஏழெட்டு வருஷம் பேச்சு இல்லை. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் வயல் பக்கம் திரும்பிக்கொள்வார். மற்றவர் குடையை விரித்துக்கொள்வார். ஆனால் கொல்லைப்புற மதிலில் அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரு இடம் இருந்தது. அங்கே ஒரு கல் மட்டும் கொஞ்சம் தாழ்வாக இருக்கும். "அக்கா, தீயல் வச்சேன், பிள்ளையளுக்குக் குடுங்க" என்று சித்தி ஒரு கிண்ணத்தை வைப்பாள். அடுத்த நாள் அதே கிண்ணத்தில் இங்கிருந்து எரிசேரி போகும். கிண்ணம் காலியாகத் திரும்பக் கூடாது என்பது இரண்டு பெண்களுக்கும் இடையே எழுதாத சட்டம். ஆண்கள் இரண்டு பேருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரியே சாப்பிட்டார்கள்.

மெல்லிசை மன்னர்கள் பிரிந்த கதைக்கு வருவோம். 1965ல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' அவர்கள் சேர்ந்து இசையமைத்த காலத்தின் கடைசிப் படம். அது கடலும் கப்பலுமான படம். பாட்டுகளில் அலை ஓசையே கேட்கும். அதோடு கோடு அழிந்தது. காரணம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அடுத்த வீட்டுச் சண்டைக்குக் காரணம் தேடுவது நமக்கு வேண்டாம். விஸ்வநாதன் தனியாக 'அன்பே வா', 'சிவந்த மண்' என்று புகழின் உச்சிக்குப் போனார். ராமமூர்த்தியும் 'சாது மிரண்டால்', 'நான்', 'தங்கச் சுரங்கம்' முதலான படங்களுக்குத் தனியாக இசையமைத்தார். படங்கள் குறைவு. பிறகு அதுவும் நின்றது. பின்னால் நின்று தாங்கியவரைப் பற்றி ஊர் அதிகம் பேசவில்லை. ஆனாலும் கல்யாண வீடுகளில் பழைய தட்டுச் சுற்றும்போதெல்லாம் இரண்டு பெயரும் சேர்ந்துதான் சுற்றின.

பிறகு 1995. சந்தான பாரதி இயக்கத்தில், சத்யராஜும் ரோஜாவும் நடித்து, 'எங்கிருந்தோ வந்தான்' என்று ஒரு படம் வந்தது. 1988ல் மலையாளத்தில் பிரியதர்சன் எடுத்து மோகன்லால் நடித்த 'சித்ர'த்தின் தமிழ் வடிவம் அது. எங்கள் மாவட்டத்தில் பாதிப்பேர் மூலப் படத்தையே பார்த்திருந்தார்கள். அதனால் கதை எங்களுக்குப் புதுசில்லை. போஸ்டரில் இசை என்ற இடத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று போட்டிருந்ததுதான் புதுசு! நடுவில் அந்தக் கோடு!

அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். 'ரோஜா' வந்து மூன்று வருஷமாகி, ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுதான் தெருவெல்லாம். 'பம்பா'யும் 'முத்து'வும் வந்த வருஷம் அது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஸ்டுடியோவுக்குள் வந்துவிட்டன. ஒரு பெரிய அறையில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிப்பது போய், ஆளுக்கொரு நேரத்தில் வந்து வாசித்துவிட்டுப் போகும் காலம் தொடங்கியிருந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் 67 வயதுக்காரர் ஒருவரும் 73 வயதுக்காரர் ஒருவரும் மறுபடி ஒரு ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

எனக்கு அப்போது 15 வயது. ஒருநாள் சாயந்திரம் மதிலுக்கு அப்புறத்திலிருந்து கேட்டறியாத பாட்டு ஒன்று வந்தது. சித்தப்பா அந்தக் கேஸட்டை வாங்கிவிட்டார் என்பது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் வாசல் திண்ணையில் இருந்தவர், எழுந்து கொல்லைப்புறம் போய், கிணற்றடியில் வேலை இருப்பதுபோல் நின்றார். ஒரு பக்கம் முழுதும் ஓடி முடியும்வரை நின்றார்.

இரண்டு நாள் கழித்துக் கிண்ணத்தோடு கேஸட்டும் வந்தது. "அண்ணன்ட்ட குடுங்க மைனின்னு சொல்லச் சொன்னாவ" என்று சித்தி சொன்னாளாம். அவ்வளவுதான். கடிதமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அப்பா கேட்டார். முழுதாகக் கேட்டுவிட்டு, "பழைய மாதிரி இல்ல" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "நீங்க மட்டும் பழைய மாதிரியா இருக்கிய? உங்க தம்பி மட்டும் இருக்காரா? முப்பது வருஷம் கழிச்சு வீடு தேடி வந்தவன்கிட்ட, பழைய சட்டையப் போட்டுட்டு வான்னா சொல்லுவிய?"

அப்பா பதில் சொல்லவில்லை. கேஸட்டை மறுபடியும் போட்டார்.

இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்பா சொன்னதும் பொய்யில்லை. அந்தப் படத்துப் பாட்டுகள் 'பாசமலர்' பாட்டுகள் மாதிரி எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் நிலைக்கவில்லை. 1964ஐ 1995ல் மறுபடி செய்ய முடியாது. அன்று சுற்றியிருந்த வாத்தியக்காரர்களும் இல்லை, கண்ணதாசனும் இல்லை, அந்த வயதும் இல்லை. ஆனால் அம்மா சொன்னதுதான் பெரிய உண்மை. சேர்ந்த பிறகு வருவது பழையது அல்ல, வேறு ஒன்று. அதற்கு வேறு ருசி. அதைப் பழையதோடு தராசில் வைத்தால் எப்போதும் எடை குறையும்.

என் மகன் காலேஜில் படிக்கிறான். காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருப்பான். ஒருநாள் இந்தக் கதையை அவனிடம் சொன்னபோது, "அம்மா, இதே மாதிரி இங்கிலாந்துல ஒரு குழு இருக்கு" என்று 'ஸ்பெஷல்ஸ்' என்ற கோஷ்டியைப் பற்றிச் சொன்னான். அவர்கள் வாசித்ததற்கு 'ஸ்கா' என்று பெயராம். ஜமைக்கா தீவில் 1950களின் கடைசியில் பிறந்த இசை. அமெரிக்காவில் 1930, 40களில் ஜோடி ஜோடியாக ஆடுவதற்காகப் பித்தளைக் குழல்களை வைத்துப் பெரிய பெரிய கோஷ்டிகள் வாசித்த 'ஸ்விங்' இசையையும், அதற்குப் பின் வந்த கறுப்பர் இசையையும் அந்தத் தீவுக்காரர்கள் கேட்டுப் பழகி, தங்கள் நாட்டுப்புறத் தாளத்தோடு கலந்தார்களாம். கடல் கடந்து ரேடியோவில் வந்த பாட்டைக் கேட்டுத் தங்கள் பாட்டை உண்டாக்குவது! இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புரியாதா என்ன?

இரண்டையும் அவன் போட்டுக் காட்டினான். ஸ்விங் என்றால் ஊஞ்சல்தானே. தாளம் சமமாக நடக்காமல் ஒன்று நீளம் ஒன்று குட்டையாக ஆடி ஆடிப் போகிறது. ஸ்காவில் நாம் தாளம் போடும்போது கை தொடையில் விழுகிற இடத்தில் அல்ல, கை மேலே எழுகிற இடத்தில் கிடார் வெட்டுகிறது. உட்கார்ந்து கேட்கவே முடியவில்லை, கால் தானாக ஆடுகிறது! நம் விஸ்வநாதன் 1967ல் 'அனுபவி ராஜா அனுபவி'க்குப் போட்ட தூத்துக்குடிப் பேச்சுப் பாட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அதிலும் அந்தத் துள்ளல் உண்டு.

கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து ஆரம்பித்த அந்த ஸ்பெஷல்ஸ் குழு 1981ல் உடைந்தது. முக்கியப் பாடகர் டெரி ஹால் விலகிப் போனார். அவரோடு மறுபடி சேர்ந்து புதுப்பாட்டுத் தொகுப்பு ஒன்றை அவர்கள் வெளியிட்டது 2019ல்! அதற்கு வைத்த பெயர் 'என்கோர்'. 'இன்னொரு தடவை' என்று ரசிகர்கள் கேட்பார்களே, அந்த அர்த்தம். ஸ்காவோடு வேறு பல வகை இசையையும் கலந்திருந்தார்கள். இங்கிலாந்தில் அது முதல் இடத்துக்கு வந்தது. ஆனால் குழுவைத் தொடங்கியவரான ஜெரி டாமர்ஸ் அதில் இல்லை. டெரி ஹாலும் 2022 டிசம்பரில் இறந்துபோனார். "அப்போ எல்லாரும் திரும்பி வரலையே!" என்றேன் மகனிடம். "வந்தவங்க வாசிச்சாங்கம்மா" என்றான். சின்னப் பிள்ளை வாயிலிருந்து எப்படிப்பட்ட வார்த்தை!

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. 1996ல் என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வீட்டு முற்றத்தில் பந்தல். வெளியூர் மைக் செட்டைச் சொல்லலாம் என்று அப்பா பேச்செடுத்தார். தன் செட்டைத் தானே போட்டுக்கொண்டு பெண்ணைத் தாரை வார்க்க முடியாதே! அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கொல்லைப்புறம் போனாள். தாழ்ந்த கல்லருகே சித்தியோடு கால் மணி நேரம் பேசினாள். மறுநாள் விடியற்காலம் சித்தப்பா வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வயது ஐம்பதை நெருங்கியவர் மரத்தில் ஏறவில்லை. பையன் ஒருவனை ஏற்றினார். அப்பா பெட்டியைத் திறந்து தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஊசி இருக்கா?"

"இருக்கு."

"கரண்டு எங்கிருந்து எடுக்கது?"

"மேலக் கம்பத்திலருந்து."

ஏழெட்டு வருஷத்துக்கப்புறம் அவர்கள் பேசின முதல் பேச்சு இதுதான். கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. கண்ணீர் விடவில்லை. அக்கா மணவறைக்கு வந்தபோது அப்பா தோழிப் பாட்டுத் தட்டை எடுத்து வைத்தார். சித்தப்பா சத்தத்தைக் கூட்டினார். தட்டில் கீறல் விழுந்து ஒரு இடத்தில் குதித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அதைப் பார்த்த அம்மாதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பந்தி நடக்கும்போது சித்தப்பா அந்த 1995 கேஸட்டையும் போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவியலுக்கு இன்னொரு கரண்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தொழில் ஒன்றாகவில்லை. மதில் இடியவில்லை. கிணறு அவரவர் பாகத்திலேயே இருந்தது. ஆனால் வருஷா வருஷம் அம்மன் கொடைக்கு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து, காசு வாங்காமல் பாட்டுப் போட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சித்தப்பா தாத்தா கிடைத்தார். இது சின்ன லாபமா?

2012ல் முதலமைச்சர் ஜெயலலிதா, விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரையும் ஒரே மேடையில் வைத்து 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டமும், ஆளுக்கு 60 பொற்காசும் காரும் கொடுத்தார். டெலிவிஷனில் அதைக் காட்டியபோது அப்பா, தன் வீட்டில் டி.வி. இருந்தும், சித்தப்பா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். 2013 ஏப்ரலில் ராமமூர்த்தி காலமானார். அடுத்த வருஷம் அப்பாவும் போய்விட்டார். 2015 ஜூலையில் விஸ்வநாதன் மறைந்த செய்தி வந்தபோது சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "மக்கா, இப்போ ரெண்டு பேரும் அங்க சேர்ந்தாச்சு" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நம் குடும்பங்களில் பிரிவு சகஜம். சொத்து, சீர், ஒரு வாய்ச் சொல், ஏதோ ஒன்று. நான் பார்த்ததிலிருந்து இளம் சகோதரிகளுக்கு மூன்று விஷயம் சொல்வேன்.

சண்டை உச்சத்தில் இருக்கும்போதும் கிண்ணம் போய் வருகிற ஒரு இடத்தை அடைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் கேட்க அந்த வீட்டாரைக் குறை பேசாதீர்கள். நாளைக்கு அவர்கள்தான் அங்கே போய் வர வேண்டியவர்கள்.

சேர்க்க வேண்டுமானால் பேச்சை முதலில் வைக்காதீர்கள். காரியத்தை முதலில் வையுங்கள். "யார் மேல் தப்பு" என்று உட்கார்ந்தால் மறுபடியும் வழக்குத்தான். பந்தல் போட வேண்டும், வயர் இழுக்க வேண்டும் என்றால் கை வேலை செய்யும். வாய் பின்னால் வரும். எங்கள் வீட்டில் பாகத்தைப் பற்றிய பேச்சு கடைசிவரை எடுக்கப்படவேயில்லை. எடுக்காததால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அடி உதை, கொடுமை என்று பிரிந்தவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே விலகி இருப்பதுதான் பிழைப்பு. நான் சொல்வது வெறும் மனத்தாங்கலைப் பற்றி.

மூன்றாவது, சேர்ந்த பிறகு பழைய நாளைக் கேட்காதீர்கள். "முன்னெல்லாம் எப்படி இருந்தோம்" என்று பெருமூச்சு விட்டால், வந்தவருக்கு ஏன் வந்தோம் என்று இருக்கும். இன்றைக்கு என்ன கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலை முடிந்த ஒரு மத்தியானம், பிள்ளைகளைக் கேட்டால் போனில் எடுத்துத் தருவார்கள். 1964ல் வந்த அவர்கள் பாட்டு ஒன்றையும், 'எங்கிருந்தோ வந்தான்' பாட்டு ஒன்றையும் கேளுங்கள். முதலாவதைக் கேட்டதும் உங்களுக்கே தலை ஆடும். இரண்டாவதை அதோடு ஒப்பிடாமல், 30 வருஷம் பேச்சு விட்டுப்போன வீட்டிலிருந்து வருகிற பாட்டாக நினைத்துக் கேளுங்கள்.